பழைய காரில் தப்பாக இணைத்த ஸ்டீரியோ: செட்டை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ பழைய கார் ஒன்றை வாங்கி நீலகிரி மலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். எஞ்சின் சரி, பிரேக் சரி, டயரும் பரவாயில்லை. டேஷ்போர்டில் மட்டும் முந்தைய உரிமையாளர் மாட்டிய ஸ்டீரியோ ஒன்று தொல்லை கொடுக்கிறது. ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் கடிகாரம் 12:00 காட்டுகிறது. அல்லது குன்னூர் மலைப்பாதையில் ஹாரன் அடித்தால் செட் அணைந்து மறுபடி எரிகிறது. அல்லது விடிந்தால் வண்டியே ஸ்டார்ட் ஆவதில்லை. கடைக்குப் போனால், "செட் போய்விட்டது சார், புதிது போட்டுவிடலாம்" என்பார்கள். ஊட்டியில் பனிக்காலமாக இருந்தால் இன்னொரு பதிலும் தயாராக இருக்கும்: "குளிருக்குப் பேட்டரி தாங்காது சார்."

எனக்கு இரண்டு பதிலும் கிடைத்தன. புதுப் பேட்டரியும் விற்றார்கள். அதற்குப் பிறகும் வண்டி காலையில் எழவில்லை. கடைசியில் கோளாறு அகப்பட்ட இடம் செட்டின் பின்பக்கம், டேப் சுற்றிய ஒரு முடிச்சில். சரி செய்ய ஆன செலவு ஒரு புது செட்டின் விலையில் சிறு பங்குதான். வயரிங் தெரியாதவரும் பின்பற்றும்படி அந்த வழியை வரிசையாக எழுதுகிறேன். இதில் வரும் விலைகள் எனக்கு ஆனவை. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும்.

1. வாங்கும்போதே கேட்க வேண்டிய காகிதங்கள்

ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்டீரியோவின் பில், வாரண்டி அட்டை, பெட்டியோடு வந்த கையேடு ஆகியவற்றை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். கையேட்டில் வயர் வரைபடம் இருக்கும். கையேடு இல்லாவிட்டால், பெரும்பாலான செட்டுகளின் மேல்தகட்டில் அதே வரைபடம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். கம்பெனி செட்டைக் கழற்றி வீட்டில் போட்டிருந்தால் அதையும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பின்பக்க சாக்கெட்டைப் பார்த்தால் இந்தக் காருக்கு எந்தக் கப்ளர் (வயர்களைச் செருகிச் சேர்க்கும் இணைப்பான்) என்று கடைக்காரருக்கு உடனே தெரிந்துவிடும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விண்ணப்பிக்கும்போதே ஸ்டீரியோவையும் சொல்லிவிடுங்கள். காரின் கம்பெனி விலையில் அடங்காத மின்பொருட்களை ஐ.எம்.டி. 24 என்ற பிரிவில் தனியாகக் காட்டினால்தான் அவற்றுக்குக் காப்பீடு உண்டு. அதற்கான கூடுதல் பிரீமியம் வழக்கமாக அந்தப் பொருளின் மதிப்பில் 4 சதவீதம். ஐயாயிரம் ரூபாய் செட்டுக்கு வருடம் இருநூறு ரூபாய். சொல்லாமல் விட்டால், திருட்டுப் போனாலும் தீப்பிடித்தாலும் செட்டுக்கு ஒரு பைசா வராது.

காருக்கு இன்னும் கம்பெனி வாரண்டி மிச்சமிருந்தால், எதையும் தொடும் முன் கம்பெனியின் ஒயரிங் வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்துவையுங்கள். வெட்டிய வயரிங்கைக் காட்டி மின்கோளாறுக்கான வாரண்டியை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

2. கழற்றும் முன் அறிகுறியைக் குறித்துக்கொள்ளுங்கள்

செட்டை இழுத்துப் போட்டபின் எல்லா வயரும் ஒன்றுபோலத் தெரியும். எங்கே தேடுவது என்பதை அறிகுறிதான் சொல்லும். ஆகவே இரண்டு நாள் வண்டியை ஓட்டி, செட் எப்போது என்ன செய்கிறது என்று எழுதிவையுங்கள்.

சாவியை எடுத்ததும் கடிகாரமும் தேடி வைத்த வானொலி நிலையங்களும் அழிந்துபோனால், நினைவுக்கான மஞ்சள் வயருக்கு நிரந்தர மின்சாரம் வரவில்லை. ஆண்ட்ராய்டு செட்டாக இருந்தால் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும்: ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பூட் ஆகி, கம்பெனிப் படத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும்.

சாவியை எடுத்த பிறகும் செட் பாடிக்கொண்டே இருந்தாலோ, ஓரிரு இரவு நிறுத்தினால் பேட்டரி இறங்கினாலோ, சிவப்பு வயர் நிரந்தர மின்சாரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஹாரன், வைப்பர், முகப்பு விளக்கு இவற்றில் ஏதாவது ஒன்றைப் போட்டதும் செட் துடித்தால் அது எர்த் கோளாறு, அதாவது மின்சாரம் காரின் இரும்பு உடல் வழியாகத் திரும்பும் இணைப்பில் உள்ள கோளாறு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு சீழ்க்கை ஏறிக்கொண்டே போனாலும் முதல் சந்தேகம் எர்த் மேல்தான். ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் மட்டும் செட் அணைந்து எரிந்தால் அது இயல்பு. அதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் பாஸ் (கனத்த தாழ்ஒலி) மட்டும் இல்லை என்றால் ஏதோ ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கிறது. சத்தத்தைக் கூட்டியதும் செட் ஊமையானால் ஸ்பீக்கர் வயர் எங்கேயோ பாடியில் உரசுகிறது. பியூஸ் அடிக்கடி போனால் ஷார்ட். இந்த ஒரு நிலையில் மட்டும் வண்டியை ஓட்டிச் சோதிக்க வேண்டாம். பியூஸைக் கழற்றி வைத்துவிட்டு நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

3. கருவிகள், செலவு

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். 10 ஆம்பியர் அளக்கும் தனிச் சாக்கெட் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி முனையைக் கழற்ற 10 எம்.எம். ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், பிளாஸ்டிக் நெம்புகட்டை, டார்ச், ஒட்டி எழுத மாஸ்கிங் டேப், ஒரு ரிமோட் செல். உதிரி பியூஸ்கள் பத்துப் பதினைந்து ரூபாய்தான். நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். காரின் மாடலுக்கான கப்ளர் எனக்கு 400 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு முனை கம்பெனி சாக்கெட்டில் நேராகச் செருகும், மறுமுனை செட்டோடு சேரும் துண்டு வயர் அது. முன்பு மாட்டியவர் இந்த 400 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் கம்பெனிக் கப்ளரை வெட்டியிருப்பார்.

பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பழைய அம்பாசடருக்குச் சரி. ஏர்பேக், கம்ப்யூட்டர் உள்ள காரில் அதை எல்லா வயரிலும் குத்திப் பார்க்காதீர்கள்.

4. திறப்பது

சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே அரிது என்பதால் ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள். சோதனையின்போது ரிவர்ஸ் கியர் போடவும் எடுக்கவும் வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக் குளிரில் டேஷ்போர்டைத் தொடாதீர்கள். குளிர்ந்த பிளாஸ்டிக் விறைத்திருக்கும், கிளிப்புகள் ஒடியும். வெயில் ஏறி வண்டியின் உள்ளே சூடு வந்தபின், பதினொரு மணி வாக்கில் தொடங்கினால் பிரேம் அலுங்காமல் வரும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். கழற்றிய பின் சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்குங்கள். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அது ஏர்பேக் வயராக இருக்கும். அதன் மேல் மீட்டரின் முனைகூடப் படக்கூடாது.

பிரேமை நெம்பி, செட்டின் பக்கத் திருகுகளைக் கழற்றி, செட்டை மெதுவாக இழுங்கள். பிடுங்காதீர்கள். பின்னால் ஆன்டெனா வயர் குட்டையாக இருக்கும். வெளியே வந்ததும் எதையும் பிரிக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள்.

என் காரில் வெளியே வந்ததைச் சொல்கிறேன். உங்கள் காரிலும் இதன் உறவினர் யாராவது இருக்கக்கூடும். கம்பெனிக் கப்ளர் வெட்டப்பட்டு, அதன் வால் மட்டும் மூலையில் தொங்கியது. செட்டின் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு, காரின் ஒரே வயரில் சுற்றப்பட்டிருந்தன. மேலே கறுப்பு டேப். டேப்பின் பசை இளகி விரலில் பிசுபிசுவென ஒட்டியது. உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் களிம்பேறி இருந்தது. பியூஸ் பெட்டியைத் திறந்தால், ஒரு பியூஸின் காலைச் சுற்றித் தோலுரித்த வயரை வைத்து, பியூஸோடு சேர்த்து அழுத்திச் செருகியிருந்தார்கள். செட்டின் முதுகில் 10 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆம்பியர் பியூஸ். அதற்குமுன் 10 ஆம்பியர் பியூஸ் பல முறை போயிருக்கும் என்று யூகிப்பது கடினமில்லை.

5. எந்த வயர் எது என்று மீட்டரால் அறிவது

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். மீதி எல்லாக் கோளாறும் இங்கேதான் பிறக்கிறது.

கடையில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் வயர் நிறங்களுக்குப் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. மஞ்சள் நிரந்தர 12 வோல்ட். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், அதாவது ஏசிசி. கறுப்பு எர்த். ஆரஞ்சு, விளக்கு போட்டால் திரையை மங்கச் செய்வது. நீலம் ஆன்டெனாவுக்கு, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்ளிபயரை எழுப்புவதற்கு. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்ட ஜோடி வயர் மைனஸ்.

இந்த வழக்கம் செட்டின் பக்கத்துக்கு மட்டும்தான். காரின் பக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கு வேண்டிய நிறத்தைப் போடுகிறது. காரின் சிவப்பை செட்டின் சிவப்போடு முடிச்சுப் போட்டதில்தான் பாதிப் பேரின் தொல்லை தொடங்குகிறது. ஐஎஸ்ஓ என்ற பொது அமைப்புக் கப்ளர் உள்ள காராக இருந்தால் மின்சாரக் கப்ளரில் 4ஆம் முள் நிரந்தரம், 7ஆம் முள் ஏசிசி, 8ஆம் முள் எர்த். ஆனால் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக் கார்கள் பலவற்றில் 4ம் 7ம் இடம் மாறியிருக்கும். கப்ளர் கச்சிதமாகச் செருகிவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று எண்ணிவிடாதீர்கள்.

செய்முறை இது. செட்டைக் கப்ளரிலிருந்து பிரித்துவிடுங்கள். காரின் பக்கத்து வயர் முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி விரித்துவைத்து, அதற்குப்பின் பேட்டரியை மாட்டுங்கள். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்திப் பிடித்து, சிவப்பு முனையால் காரின் ஒவ்வொரு வயரையும் தொடுங்கள்.

சாவி இல்லாதபோதே 12 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிரந்தரம். சாவியை ஏசிசிக்குத் திருப்பினால் 12 காட்டி, எடுத்தால் பூஜ்யமானால் ஏசிசி. பார்க்கிங் விளக்கைப் போடும்போது மட்டும் வந்தால் இலுமினேஷன், அதாவது செட்டின் ஆரஞ்சு வயருக்கானது. இக்னிஷன் போட்டு ரிவர்ஸ் கியர் போடும்போது மட்டும் வந்தால் கேமராவுக்கான வயர். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த கையோடு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஆறாவது வயரில் முதல் வயர் மறந்துபோகும்.

ஏசிசி வயர் அகப்படவில்லையா? சிகரெட் லைட்டரின் சாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். சில கார்களில் அந்தச் சாக்கெட்டுக்கே நிரந்தர மின்சாரம்தான் வருகிறது. சாவியை எடுத்துவிட்டு அங்கேயும் ஒரு முறை அளந்து பார்க்காமல் இழுக்காதீர்கள்.

இப்போது செட்டின் மஞ்சளை நிரந்தரத்தோடும், சிவப்பை ஏசிசியோடும் தனித்தனியாகச் சேருங்கள். இரண்டையும் ஏசிசியில் சேர்த்தால் நினைவு அழியும். இரண்டையும் நிரந்தரத்தில் சேர்த்தால் நினைவு நிற்கும், செட்டும் வேலை செய்யும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால்தான் அவசர வேலை செய்கிறவர்கள் இந்த வழியை விரும்புகிறார்கள். வாடிக்கையாளர் கடையை விட்டுப் போகும்வரை எந்தக் குறையும் தெரியாது.

6. இரவில் பேட்டரி இறங்கினால்

முதலில் பேட்டரியின் நிலையைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழித்து அளந்தால் முழு சார்ஜுக்கு 12.6 வோல்ட் இருக்கும். 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். வராவிட்டால் கோளாறு ஆல்டர்னேட்டரில். ஸ்டீரியோவை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

மின்சாரக் கசிவை அளக்க, எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, டயலையும் 10 ஆம்பியர் டி.சி.க்குத் திருப்புங்கள். கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டர் நிற்கும்படி இரு முனைகளையும் பிடியுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, முகப்பு விளக்கும் போடக்கூடாது. மீட்டரின் பியூஸ் போய்விடும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும், கதவைச் சாத்திவிடுங்கள். காரின் கம்ப்யூட்டர் உறங்க நேரம் வேண்டும் என்பதால் அரை மணி நேரம் கழித்து எண்ணைப் படியுங்கள்.

50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டரில் அது 0.05 என்று தெரியும். அதற்கு மேல் என்றால் செட்டின் முதுகில் உள்ள பியூஸைப் பிடுங்குங்கள். எண் சட்டென இறங்கினால் குற்றவாளி செட்டின் வயரிங். இறங்காவிட்டால் பியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் ஆம்ப்ளிபயரோ ரிமோட் லாக்கோ மாட்டியிருந்தால் அதையும் சந்தேகப்படலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. சின்ன கார்களில் வரும் பேட்டரி 35 ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் சுமார் 35 மணி நேரம் தரும் அளவு. அணைந்ததுபோல் நடிக்கும் செட் ஒன்று 400 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-அவர் போகும். வெள்ளி மாலை நிறுத்திய வண்டி ஞாயிறு காலையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருக்கும். கோவையில் அப்போதும் ஒருவேளை ஸ்டார்ட் ஆகும். ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் புல்வெளியில் உறைபனி படியும் காலையில் ஆகாது. குளிரில் பேட்டரியின் திறனும் குறைகிறது, எஞ்சின் ஆயிலும் கெட்டிப்படுகிறது. பழி மட்டும் பனிக்குப் போய்ச் சேர்கிறது.

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்று யோசனை சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பார்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் உதவாது, பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். எங்கள் தெருச் சரிவில் அதைச் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆட்டோமேட்டிக் வண்டியில் அது நடக்கவே நடக்காது.

7. எர்த்

செட்டின் கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு திருகில் கட்டியிருப்பார்கள். அந்தத் திருகு பிளாஸ்டிக்கில் இறங்கியிருக்கலாம், பெயின்ட் பூசிய தகட்டில் இருக்கலாம். செட்டை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டி, கறுப்பு வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட்டை அளந்து பாருங்கள். 0.1க்குள் இருந்தால் நல்ல எர்த். அதற்கு மேல் ஏறினால், பெயின்டைச் சுரண்டிய இரும்பில் வளைய முனை வைத்து போல்ட்டால் இறுக்குங்கள். கம்பெனிக் கப்ளரில் எர்த் வயர் இருந்தால் அதையே பயன்படுத்துவது மேல். ஆன்டெனா வயரின் உறை வழியாகவும் செட்டுக்கு எர்த் கிடைத்துவிடும். அதனால் கறுப்பு வயர் அறுந்திருந்தும் செட் எரியும், சீழ்க்கையோடு.

8. ஸ்பீக்கர்கள்

செட்டில் பேலன்ஸையும் (இடது, வலது) பேடரையும் (முன், பின்) ஒவ்வொரு மூலைக்கும் தள்ளி, சொன்ன மூலையில்தான் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு பேலன்ஸை நடுவில் வைத்தும் ஒரு பக்கம் முழுதாகத் தள்ளியும் கேளுங்கள். நடுவில் வைத்தால் பாஸ் குறைந்து, ஒரு பக்கம் தள்ளினால் கூடுகிறது என்றால் ஒரு ஸ்பீக்கர் தலைகீழாக இருக்கிறது. எந்த ஸ்பீக்கர் என்று அறிய, செட்டிலிருந்து பிரித்த ஸ்பீக்கர் வயர்களை 1.5 வோல்ட் ரிமோட் செல்லில் ஒரு கணம் தொடுங்கள். பிளஸ் பிளஸ்ஸோடு சேர்ந்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே எழும்பும். உள்ளே இறங்கினால் வயர் மாறியிருக்கிறது.

அடுத்து மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஸ்பீக்கரின் இரு வயர்களுக்கு நடுவே பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3க்கும் 4க்கும் இடையில் காட்டும். பிறகு ஒவ்வொரு வயருக்கும் காரின் இரும்புக்கும் நடுவே பாருங்கள். மீட்டர் எதையும் காட்டக்கூடாது. காட்டினால் வயர் பாடியில் உரசுகிறது. முதலில் தேட வேண்டிய இடம் கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய். கதவு திறந்து மூடித் திறந்து மூடி வயர் அதற்குள்தான் ஒடியும்.

ஒரு பொறி: இடம் குறைவு என்று நான்கு ஸ்பீக்கரின் மைனஸ் வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்தில் கட்டுவார்கள். மிகப் பழைய செட்டுகளுக்கு அது பொருந்தியது. இப்போதைய செட்டுகளில் மைனஸ் வயரிலும் மின்சாரம் வருகிறது. எர்த்தில் கட்டினால் செட் தன்னைக் காத்துக்கொள்ள ஊமையாகும், அதுவும் முடியாதபோது உள்ளே கருகும்.

9. சின்ன வயர்கள்

ஊட்டி வானொலியே ஊட்டியில் கரகரத்தால் மலையைக் குறை சொல்லும் முன் நீல வயரைப் பாருங்கள். கூரையில் குட்டை ஆன்டெனா உள்ள பல கார்களில் அதன் அடியில் சின்ன ஆம்ப்ளிபயர் இருக்கிறது. அதற்கு நீல வயர் 12 வோல்ட் கொடுக்க வேண்டும். அதே நீல வயரில் பெரிய ஆம்ப்ளிபயரின் முழு மின்சாரத்தையும் எடுக்கக்கூடாது. சில நூறு மில்லிஆம்பியருக்கு மேல் அது தாங்காது.

பகலிலேயே விளக்கு போட்டு ஓட்ட வைக்கும் மூடுபனியில் திரை மங்காமல் கண்ணைக் கூசச் செய்தால் ஆரஞ்சு வயர் இணைக்கப்படவில்லை. ஹேண்ட் பிரேக் வயரை நேராக எர்த்தில் கட்டி, ஓடும்போதே படம் பார்க்க வசதி செய்திருப்பார்கள். அதைப் பிரித்து, சேர வேண்டிய இடத்தில் சேருங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

முந்தைய உரிமையாளர் டிக்கியில் ஆம்ப்ளிபயரை விட்டுப்போயிருந்தால், பேட்டரியிலிருந்து வரும் அதன் தடித்த வயரில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே அந்த வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள். மற்றதெல்லாம் சத்தக் கோளாறு. இது தீ விபத்துக்கான கோளாறு.

10. இணைப்பு

முறுக்கி டேப் சுற்றியதெல்லாம் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், தேவாலா பக்கம் பெய்யும் மழையும், பிறகு குன்னூர், கோத்தகிரிக்கு வரும் வடகிழக்குப் பருவமழையும், நடுவே நுழையும் மூடுபனியும் சேர்ந்தால் முறுக்கிய செம்புக்கு ஒரு வருடம்கூட ஆயுள் கிடையாது. கப்ளர் வாங்கி, கிரிம்ப் முனையால் (வயரைக் கவ்வும் உலோக முனை) அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். கிரிம்ப் முனைகள், உறை எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடியும். சால்டரிங் தெரிந்தவர் அதைச் செய்யலாம். வேலையை முடித்து, செட்டுக்கு உரிய அளவு பியூஸைப் போடுங்கள். போகிறதே என்று பெரிய பியூஸ் போட்டால், பியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

பிரேமை உடனே மாட்டாதீர்கள். இரண்டு இரவு வண்டியை அப்படியே நிறுத்தி, காலையில் வோல்ட் பாருங்கள். கடிகாரம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். எலி கடித்த வயர் ஏதும் கண்ணில் பட்டால் அதற்கும் இதுவே நேரம். குளிருக்கு ஒதுங்கும் எலிக்குச் சூடான எஞ்சினும் டேஷ்போர்டும் பிடிக்கும்.

11. எப்போது கடைக்குப் போவது

புதுப் பியூஸ் போட்ட கணமே போகிறது, செட்டிலிருந்து கருகல் வாசனை வருகிறது, ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்கள் காரின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டியிருக்கிறது: இவற்றில் எதுவானாலும் நீங்களே முயலாதீர்கள். ஸ்டீரியோ விற்கும் கடையைவிட ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவது நல்லது. அவருக்கு விற்க செட் இல்லை. "செட் சரியில்லை, பாருங்கள்" என்று சொல்லாமல், "சாவி இல்லாதபோது 0.4 ஆம்பியர் இழுக்கிறது, செட்டின் பியூஸை எடுத்தால் நிற்கிறது" என்று சொல்லுங்கள். பேச்சே மாறிவிடும். வயரிங்கை மட்டும் நேர் செய்ய என்னிடம் கேட்ட கூலி கடைக்குத் தகுந்தபடி 500 முதல் 1,500 ரூபாய் வரை. அரை நாள் வேலை. கப்ளர் கைவசம் இல்லையென்றால் கீழிருந்து வரவழைக்க இரண்டு மூன்று நாள் கூடும் என்பதால், முன்கூட்டியே வாங்கிக் கையில் கொண்டுபோங்கள்.

பில்லில் "ஸ்டீரியோ வேலை" என்று ஒற்றை வரியாக வாங்காதீர்கள். கம்பெனிக் கப்ளர் போட்டது, மஞ்சளும் சிவப்பும் பிரித்தது, பியூஸின் ஆம்பியர் அளவு ஆகிய மூன்றும் எழுதியிருக்கட்டும். பின்னால் காப்பீட்டுக்கும் உதவும், வண்டியை விற்கும்போது அடுத்தவருக்கும் உதவும்.

ஏப்ரல், மே மாதங்களைத் தவிருங்கள். சீசனில் ஊட்டி வேலைக்கடைகளில் கூட்டம். சாலையும் ஒருவழியாக மாறி, குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். வேலைக்காகக் கோவைக்கு இறங்குவதாக இருந்தால் வண்டியின் நம்பரைப் பாருங்கள். 2024 மே 7 முதல் மலைக்குள் நுழைய இ-பாஸ் கேட்கிறார்கள். நீலகிரிப் பதிவெண்ணான டி.என். 43 வண்டிக்கு விலக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக்குள் பெயர் மாற்றினாலும் பழைய நம்பர் மாறுவதில்லை என்பதால், கோவை நம்பரோடு ஓடும் உங்கள் வண்டியைச் சோதனைச் சாவடியில் வெளியூர் வண்டியாகப் பார்க்கக்கூடும். இறங்கும் முன்பே திரும்பி வரும் தேதிக்கு இ-பாஸ் எடுத்துவைத்துவிடுங்கள்.